ரெசின் பேனாக் கட்டைக்கு (கடைந்து பேனா உடலாக்கும் வார்ப்புக் கட்டை) வீட்டிலேயே அச்சு செய்தவர்கள், உங்களுக்கு என்ன நடந்தது?

வார்ப்பு ஆசை:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். முக்கால் அங்குலச் சதுரம், ஐந்து அங்குல நீளம், வழக்கமான அளவுதான். அக்ரிலிக்கில் ஐந்து மாதிரிக் கட்டை வெட்டி, பெட்டிக்குள் ஒட்டி, மேலே சிலிகான் ஊற்றி எடுத்த அச்சு. உள்பக்கம் விரலால் தடவினால் ஒரு சொரசொரப்பு கிடையாது. எபாக்சி ரெசின் ஊற்றிப் பார்த்தேன், கட்டை அருமையாக வந்தது.

அப்புறம் யூரித்தேன் ரெசின் ஊற்றி, பிரஷர் பாட் என்ற காற்றழுத்தப் பாத்திரத்துக்குள் வைத்து 50 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றினேன். திறந்து கட்டையைப் பிதுக்கி எடுத்தால் எல்லாப் பக்கமும் பரு. கடுகைவிடச் சின்னதாக, எண்ண முடியாத அளவுக்கு. அச்சைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், ஒரு குழிகூட இல்லை. கட்டையில் மேடு இருக்கிறது, அச்சில் பள்ளம் இல்லை! இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. சிலிகான் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழ்கள் அடைபட்டிருந்திருக்கின்றன. 50 பிஎஸ்ஐ ஏறினால் ஒரு குமிழ் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த இடத்தில் சுவர் உள்வாங்கும், ரெசின் அங்கே புகுந்து இறுகிவிடும். அழுத்தத்தை இறக்கியதும் சிலிகான் ஒன்றும் நடக்காததுபோல் பழையபடி நிமிர்ந்துவிடும். அதனால்தான் அச்சில் தடயமே இல்லை.

மரத்தூள்:
உங்களுக்காவது கட்டை என்று ஒன்று கிடைத்தது. எனக்கு அச்சே இறுகவில்லை.

பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் சிலிகான்தான். பெட்டியின் அடி விளிம்பில் கசிவு வராமல் இருக்க மாடலிங் களிமண்ணைத் திரித்து வைத்து அழுத்தியிருந்தேன். சொன்ன நேரத்துக்குமேல் விட்டுவைத்துப் பிரித்தேன். நடுப்பகுதி நன்றாக இறுகியிருந்தது. களிமண் தொட்ட கோடு முழுக்கப் பிசுபிசுவென்று இருந்தது. விரலை வைத்து எடுத்தால் நூல் நூலாக வருகிறது. இன்னும் ஒருநாள் விட்டால் சரியாகிவிடும் என்று விட்டேன், ஆகவே இல்லை. ஆகவும் ஆகாது. பல மாடலிங் களிமண்ணில் கந்தகம் இருக்கும், அது பிளாட்டினம் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்துவிடும். லேடெக்ஸ் கையுறையும் இதே வேலையைச் செய்யும். நைட்ரைல் போட்டுக்கொள்ளுங்கள், களிமண் வாங்கும்போது கந்தகம் இல்லாததா என்று பாருங்கள். ஒளியில் இறுகும் ரெசின் 3டி பிரிண்டரில் எடுத்த மாதிரிக் கட்டைமீதும் இந்தச் சிலிகான் அடிக்கடி இறுகாது. மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு முழுசாக ஊற்றுவது நல்லது.

அந்தப் பிசுபிசுப்பு இன்னும் விரலில் இருப்பதுபோலவே தோன்றுகிறது.

உளிச்சத்தம்:
இரண்டு பேருமே சிலிகானைப் பிடித்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு படுகிறீர்கள்? வார்ப்பு ஆசை, உங்கள் பருவெல்லாம் கடைசல் எந்திரத்தில் முதல் சீவலிலேயே போய்விடும். கடைந்து உருட்டப்போகிற கட்டைக்கு வெளிப்பக்கம் எப்படி இருந்தால் என்ன?

நான் காய்கறி நறுக்கும் வெள்ளைப் பலகையில் செய்தேன், எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் அது. முதல் கட்டையைத் தட்டி எடுத்த அந்த நொடி மறக்காது. பலகையைக் கவிழ்த்து ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, 'டொப்' என்று மேஜையில் விழுந்தது. எதுவும் தடவவில்லை, எந்த ஒட்டலும் இல்லை.

செய்ய நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். இதில் பசை பிடிக்காது, அதனால் ஒட்ட முயலாதீர்கள், திருகுதான் போட வேண்டும். பக்கப் பலகை அரை அங்குலமாவது தடிமன் இருக்கட்டும். ரம்பத்தில் மெதுவாகத் தள்ளினால் பிளாஸ்டிக் உருகிப் பல்லில் ஒட்டும், கொஞ்சம் வேகமாகவே தள்ளுங்கள். திருகுக்கு முதலில் துளை போடுங்கள், இல்லாவிட்டால் பலகை உப்பி மூட்டு சேராது. மூட்டுகளில் உள்பக்கமாக மெழுகையோ வாசலினையோ மெல்லிசாகத் தடவினால் கசிவு நிற்கும். எதிர்ப்பக்கங்கள் இணையாக இருக்கின்றனவா என்று காலிபரில் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். ஒரு பக்கத்தைக் கழற்றும்படி வைத்தால் சுத்தியலே வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் கிடைத்தால் அதுவும் சரி, வெப்பத்தை இதைவிடக் கொஞ்சம் அதிகம் தாங்கும். அக்ரிலிக் பெட்டியில் மட்டும் நேரடியாக ரெசின் ஊற்றாதீர்கள், பிடித்துக்கொண்டு விடாது.

வார்ப்பு ஆசை:
பரு கடைசலில் போய்விடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைவதற்கு முன்னால் நடுவில் துளை போட வேண்டுமே? பரு உள்ள கட்டை, துளை போடும்போது அதைப் பிடிக்கும் டிரில் வைஸின் தாடையில் சரியாக உட்காராது. அந்தச் சாய்வோடு ஐந்து அங்குலம் இறங்கினால் மறுமுனையில் துளை நடுவை விட்டு விலகியிருக்கும். துளைக்குள் பித்தளைக் குழாயை ஒட்டிக் கடையும்போது ஒரு பக்கம் சுவர் மெலிந்து, குழாய் நிழலாடும். வெளிப்பக்கம் எப்படி இருந்தாலும் சரி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னும் ஒன்று. பொருளின் மேல் பழி இல்லை. இப்போது சிலிகானைக் கலந்ததும் வெற்றிடத்தில் காற்றை இழுத்துவிட்டுத்தான் ஊற்றுகிறேன். அது நாலைந்து மடங்கு பொங்கி எழுந்து, பிறகு மளமளவென்று சரிந்து இறங்கும், அதனால் பெரிய பாத்திரமாக எடுக்க வேண்டும். வெற்றிட வசதி இல்லாதவர்கள், பிறகு ரெசினுக்கு வைக்கப்போகும் அதே அழுத்தத்தில் சிலிகானையும் அழுத்தப் பாத்திரத்துக்குள் வைத்து இறுகவிட்டால் போதும்.

நீல மசி:
உளிச்சத்தம் சொன்ன பலகை அச்சு என்னிடமும் இருக்கிறது, அதனால் ஒரு எதிர்வார்த்தை. பாலியெஸ்டர் ரெசின் ஊற்றினேன். கடினமாக்கி சேர்ந்ததும் அது சூடாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். தொட்டுப் பார்த்தபோது பலகை வெளிப்பக்கமே சுட்டது, பக்கச்சுவர் வெளியே வளைந்துகொண்டிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. ஆறிய பிறகு கட்டை நடுவில் தடித்து இருந்தது. அதைவிடக் கொடுமை, ரெசின் மூட்டு வழியாகத் திருகுத் துளைக்குள் இறங்கி மரைகளைச் சுற்றி இறுகிவிட்டது. திருப்புளியை வைத்து அழுத்தத் திருகின் தலைதான் தேய்ந்தது, திருகு அசையவில்லை. கடைசியில் பலகையை அறுத்தேன். மெதுவாக இறுகும் எபாக்சிக்கு இந்த அச்சு பொன்னானது. சூடேறும் ரெசினுக்கு நான் சிலிகான் பக்கம்தான்.

கண்ணாடி மேஜை:
சிலிகான் எதிலும் ஒட்டாது என்று நம்பித்தான் கண்ணாடித் தகட்டை அடிப்பலகையாக வைத்தேன். வழவழப்பாக, மட்டமாக, இதைவிட நல்ல தளம் எது? சிலிகான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. பிளேடை உள்ளே விட்டு நெம்பினால் அச்சு கிழிந்து வருகிறதே தவிர விடவில்லை. கண்ணாடியிலும் சிலிக்கா, இதிலும் சிலிகான், இடையில் ஒட்டாமல் தடுக்கும் விடுவிப்பான் தடவாவிட்டால் இரண்டும் சேர்ந்துவிடும். இறுகிய சிலிகான்மீது புதுச் சிலிகான் ஊற்றினாலும் இதே கதைதான்.

எவ்வளவு சிலிகான் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதியில் தீர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். 19 மி.மீ. சதுரம், 127 மி.மீ. நீளம் என்றால் ஒரு கட்டை சுமார் 46 மி.லி. ஐந்து கட்டைக்கு 230. சுற்றிலும் இடையிலும் ஒரு சென்டிமீட்டர் விட்டால் பெட்டியின் உள்ளளவு ஏறக்குறைய 155, 150, 30 மி.மீ. வரும், அதாவது 700 மி.லி.க்குக் கொஞ்சம் கீழே. அதிலிருந்து 230-ஐக் கழித்தால் 470. கலக்கும் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்வதற்கு ஒரு பங்கு கூட வையுங்கள். சிலிகான் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், எடை போட்டுக் கலப்பவர்கள் டப்பாவில் உள்ள அடர்த்தியால் பெருக்கிக்கொள்ளுங்கள். மாதிரிக் கட்டை மரமாக இருந்தால் தண்ணீர் ஊற்றி அளக்க வேண்டாம், அரிசியைக் கொட்டி அளக்கலாம்.

அப்புறம், பிரஷர் பாட் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. பிவிசி குழாயை வெட்டி மூடி போட்டு யாரும் அழுத்தப் பாத்திரம் செய்யாதீர்கள். தண்ணீர் ஓடுவதற்கான குழாய் அது, காற்றடைத்து வெடித்தால் சில்லுச் சில்லாகப் பறக்கும். வாங்கிய பாத்திரமானாலும் அதில் எழுதியிருக்கும் அளவுக்குமேல் ஏற்றாதீர்கள், பாதுகாப்பு வால்வைக் கழற்றாதீர்கள், அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வருமுன் மூடியின் கிளாம்பில் கை வைக்காதீர்கள்.