பூங்காக்களின் வரலாற்றைத் தமிழில் பேச எங்கே தொடங்கலாம்?

தேக்காவாசி:
வணக்கம். எங்கள் சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழு மூத்தோருக்காக மாதம் ஒரு பொது உரை நடத்த யோசிக்கிறது. பொருள், சிங்கப்பூரின் பூங்காக்களும் பழைய இடங்களும். நான் பார்த்தவரை இதெல்லாம் ஆங்கிலத்தில்தான் நிறைய நடக்கிறது, தமிழ்மொழி விழா சமயத்தில் ஏதாவது கேட்கலாம், அப்புறம் அவ்வளவுதான். முதலில் ஃபோர்ட் கேனிங் மலை என்கிறார்கள் சிலர். ராஃபிள்ஸ், கோட்டை, பீரங்கி என்று மட்டும் பேசினால் என் அம்மா வயதுக்காரர்களுக்கு அது யாரோ ஒருவருடைய கதையாகப் போய்விடுமே. நீங்கள் எங்கே தொடங்குவீர்கள்? அரங்கிலா, அந்த இடத்திலேயேவா?

பால்மரத்துப் பேத்தி:
பூமலைதான், அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா, சந்தேகமே வேண்டாம். 1859ல் தொடங்கியது, 2015ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நேராக ரப்பருக்கு வந்துவிடுங்கள். 1877ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888ல் பூமலைப் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கேதான் சோதித்துப் பார்த்தார். பிறகு மலாயா முழுக்கத் தோட்டங்கள் பெருகி, பால்மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக நம் ஆட்கள் வந்தார்கள். உங்கள் கூட்டத்தில் ஜோகூர் எஸ்டேட்டில் பிறந்தவர்கள் ஒருசிலராவது இருப்பார்கள், அவர்களைப் பேச விடுங்கள். எந்தப் பேச்சாளரும் அந்த அளவுக்குச் சொல்ல முடியாது.

டேங்க் ரோடு தம்பி:
பூமலை சரி, ஆனால் ஃபோர்ட் கேனிங்கை ஒதுக்காதீர்கள் அண்ணா. மலைமேல் கோட்டை வேலை தொடங்கிய அதே 1859ல் அடிவாரத்தில் செட்டியார்கள் தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டினார்கள். தைப்பூசத்துக்கு வருஷாவருஷம் அங்கே போகிறவர்களிடம், 'இதே மலையில்தான் 1928ல் நீர்த்தேக்கத்துக்குத் தோண்டும்போது 14ஆம் நூற்றாண்டுத் தங்க நகைகள் கிடைத்தன' என்று சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நகைகளைத் தேசிய அரும்பொருளகத்தில் பார்க்கலாம், மலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு அது. இவ்வளவு கைவேலை செய்தவர்களின் பெயர்கள் நம் பேச்சில் வருவதே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

ஈசூன் ஆசிரியை:
இடத்திலேயே நடத்துங்கள், ஆனால் காலை எட்டு மணிக்கே தொடங்குங்கள், வெயில் ஏறிவிட்டால் பெரியவர்கள் தாங்க மாட்டார்கள். ஃபோர்ட் கேனிங்கில் படிகள் அதிகம், அதை அரங்கிலேயே பேசிவிட்டு அரும்பொருளகத்துக்கு மட்டும் அழைத்துப் போகலாம். எஸ்பிளனேட் பூங்காவையும் சேருங்கள், சமதரை. 1945 ஜூலையில் நேதாஜி அங்கே இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார், திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அதை இடித்துத் தள்ளியது. இப்போது இருப்பது 1995ல் வைத்த அடையாளம். அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் நம் தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் சேர்ந்தார்கள், அதைச் சொல்லாமல் அந்த இடத்தைக் காட்டுவதில் அர்த்தமே இல்லை.

தேக்காவாசி:
எல்லாருக்கும் நன்றி. முதல் உரை பூமலையில், இரண்டாவது எஸ்பிளனேட் பூங்காவில் என்று செயற்குழுவிடம் சொல்லப் போகிறேன். ஜான்சி ராணிப் படையில் இருந்த பாட்டியோ பெரியம்மாவோ உங்கள் குடும்பத்தில் உண்டு என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், நேரில் வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன்.