மங்கா, அனிமே: எந்த எண்ணை நம்பிப் பேசலாம்?

பிறைக்கரை
வணக்கம். பினாங்கில் எங்கள் கல்லூரித் தமிழ்க் கழகத்தில் மங்கா (ஜப்பானியப் படக்கதை), அனிமே (ஜப்பானிய அசைபடம்) இவற்றின் புகழும் விமர்சன மதிப்பும் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும். ஒரு பட்டியலில் ஒன் பீஸ் தொடர் முதலிடம், இன்னொன்றில் டீமன் ஸ்லேயர், வேறொன்றில் ஃப்ரீரென். எந்த எண் எதைக் காட்டுகிறது? மலேசிய நிலவரத்தை எங்கே பார்ப்பது?

செந்தூல் வாசகன்
தம்பி, பதிப்பகம் அறிவிக்கும் எண் விற்றதைச் சொல்வதில்லை, அச்சிட்டதைச் சொல்கிறது. கடை அலமாரியில் தூங்கும் பிரதியும் அதில் சேரும். பெரும்பாலும் மின்னூலும் சேரும். ஜப்பானில் விற்பனையைக் கணிக்கும் ஒரிக்கோன் நிறுவனத்தின் பட்டியல்தான் கடைகளில் விற்றதை வைத்துக் கணிப்பது. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் பேச்சு அங்கேயே சறுக்கிவிடும்.

மொத்த எண்ணைத் தொகுதி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒன் பீஸ் 1997இல் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் 103ஆம் தொகுதியோடு 500 மில்லியன் என்றார்கள். அதில் சுமார் 100 மில்லியன் வெளிநாட்டுப் பிரதிகள். ஆக, ஜப்பானில் தொகுதிக்கு ஏறக்குறைய 4 மில்லியன். டீமன் ஸ்லேயர் 23 தொகுதியிலேயே முடிந்தது. 2021 பிப்ரவரியில் 150 மில்லியன், தொகுதிக்கு 6.5 மில்லியன். மொத்தத்தில் ஒன் பீஸ் மலை, அடர்த்தியில் டீமன் ஸ்லேயர். இரண்டுமே உண்மை.

தேதியும் போடுங்கள். டீமன் ஸ்லேயர் மங்கா 2016 பிப்ரவரியில் வந்தது; ஒரிக்கோன் ஆண்டுப் பட்டியலில் ஒன் பீஸை முந்தியது 2019இல். அந்த ஏப்ரலில்தான் யூஃபோடேபிள் ஸ்டுடியோ தயாரித்த அனிமே ஒளிபரப்பானது. அனிமே இழுத்து வந்த வாசகர்கள் அவர்கள். அதை மறைத்துவிட்டு மங்காவின் தரத்துக்குச் சான்றாக அந்த எண்ணைக் காட்டுவது நியாயமில்லை.

ஜெலுத்தோங் ரசிகை
ரசிகர்கள் மதிப்பெண் போடும் மைஅனிமேலிஸ்ட் தளத்தின் எண்ணைக் காட்டுவதாக இருந்தால், சராசரியோடு நிற்காதீர்கள். அந்தத் தொடரின் புள்ளிவிவரப் பக்கத்தில் 1 முதல் 10 வரை எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று இருக்கும். முதலிடத்துக்குப் போட்டி வந்தால் எதிரணி ரசிகர்கள் கூட்டமாக 1 போடுவார்கள். ஃப்ரீரென், 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' தொடரை முந்தியபோதும் அப்படித்தான். 1க்கான பட்டை 2, 3, 4ஐவிட உயரமாக இருந்தால் அது விமர்சனம் இல்லை, சண்டை.

இன்னொரு பொறி, அடுத்தடுத்த சீசன்கள். பிடிக்காதவர்கள் முதல் சீசனிலேயே விலகிவிடுவதால் பின்னால் வருபவற்றின் மதிப்பெண் தானாக ஏறும். கின்டாமாவின் பல சீசன்கள் உச்சியில் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். (கின்டாமா அருமையான தொடர், அதில் மறுப்பில்லை.) முதல் சீசனை முதல் சீசனோடு ஒப்பிடுங்கள்.

செந்தூல் வாசகன்
விமர்சன மதிப்புக்கு விருதுகளைப் பாருங்கள், யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதோடு சேர்த்து. மங்கா தைஷோ என்ற விருதுக்குப் புத்தகக் கடை ஊழியர்கள் போன்ற தீவிர வாசகர்கள் வாக்களிக்கிறார்கள். எட்டுத் தொகுதிக்கு மேல் போன தொடருக்கு இடமில்லை. அதனால் பழைய ஜாம்பவான்கள் அந்தப் பட்டியலில் இல்லாததைக் குறையாகச் சொல்லக் கூடாது. தெசுகா ஒசாமு பண்பாட்டு விருதை அசாஹி ஷிம்புன் நாளிதழ் தருகிறது.

உங்கள் தலைப்புக்கு 2021 தெசுகா விருது ஒன்றே போதும். பெரும்பரிசு யமாஷிதா கஸுமியின் 'லேண்ட்' மங்காவுக்கு. அதை நம்மூரில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஜப்பானே படித்த டீமன் ஸ்லேயரின் படைப்பாளிக்குச் சிறப்புப் பரிசு. புதிய படைப்பாளி பரிசு ஃப்ரீரெனுக்கு. அதே ஆண்டு மங்கா தைஷோவும் அதற்கே. ஃப்ரீரென் அனிமே வந்தது 2023 செப்டம்பரில். கூட்டம் வருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே தேர்வாளர்கள் அதைக் கண்டுகொண்டார்கள்.

ஆனால் புகழும் மதிப்பும் எப்போதும் எதிரெதிர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'ஸ்பிரிட்டட் அவே' என்ற அனிமே திரைப்படம் 2001 முதல் 2020 வரை ஜப்பானின் வசூல் உச்சம். பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி, பிறகு ஆஸ்கரும் வாங்கியது.

பிறைக்கரை
நன்றி அண்ணே, அக்கா. மலேசியாவுக்கு மியூஸ் ஏஷியா என்ற அனிமே யூடியூப் சேனலின் பார்வை எண்ணை எடுக்கலாமா?

ஜெலுத்தோங் ரசிகை
வேண்டாம். அந்தச் சேனலைத் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பார்க்கிறார்கள், மலேசியாவைப் பிரித்தெடுக்க முடியாது. நெட்பிலிக்ஸ் வாராவாரம் மலேசியாவுக்குத் தனி முதல்-10 பட்டியல் வெளியிடுகிறது. நாட்டளவில் இடம் மட்டும் இருக்கும், பார்வை நேரம் இருக்காது. நெட்பிலிக்ஸில் இல்லாத தொடர் அதில் வரவே வராது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

தேடல் போக்கைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் மலேசியாவைத் தேர்ந்தால் பினாங்கைத் தனியாகவும் பார்க்கலாம். பெயரைத் தட்டியதும் கீழே விரியும் பட்டியலில் 'மங்கா தொடர்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சொல்லாக விட்டால் ஒன் பீஸ் தேடலில் அதே பெயர் கொண்ட நீச்சலுடை வாங்க வந்தவர்களும் கலந்துவிடுவார்கள்.