மாதிரிக் கப்பல் செய்யும் மேசைக்கு எந்த விளக்குப் பொருந்தும்? உதவி தேவை

கேள்வி: கப்பற்பிரியன், கொக்குவில்

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற எழுதுவினைஞன், வயது 63. வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலின் மாதிரி ஒன்றைக் கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தேக்கஞ் சீவல்களால் செய்து வருகின்றேன். கப்பலின் உடல் முடிந்துவிட்டது. பாய்மரங்களுக்குக் கயிறு கட்டும் வேலையும் நிறம் பூசும் வேலையும் எஞ்சியுள்ளன. பகலில் வீட்டுப் பொறுப்புகள் இருப்பதால் மாலை 7 மணிக்குப் பின்னரே மேசையில் அமர முடிகின்றது. சிக்கலும் அப்போதுதான் தொடங்குகின்றது.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. மின்குமிழ் ஏறத்தாழ 10 அடி உயரத்தில் வளையில் பொருத்தப்பட்டிருக்கிறது. மின்விசிறி அதற்குச் சற்றுக் கீழே தொங்குகின்றது. மேசை சுவரோரமாக இருப்பதால் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியபடியே நான் இருக்க வேண்டியுள்ளது. முதலில் 9 வாற்றுக் குமிழ் போட்டிருந்தேன், பின்னர் 12 வாற்று, இப்போது 18 வாற்று. ஆயினும் ஊசிமுனையளவான கப்பித் துளையில் நூலைக் கோக்கப் போனால் என் தலையின் நிழலும் கையின் நிழலும் அந்தத் துளையை மூடிவிடுகின்றன. அரை மணி நேரத்துக்குள் நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கத் தொடங்கிவிடும். காலையில் விறாந்தையில் இருந்து இதே வேலையைச் செய்தால் வலி வருவதில்லை. நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் கண்ணைச் சோதித்துப் புதுக் கண்ணாடி எடுத்தேன்.

நிறத்திலும் குழப்பம் உண்டு. போன வாரம் கப்பலின் அடிப்பாகத்துக்குச் செங்காவி கலந்தேன். இரவில் அது மங்கிக் கிடப்பதாகத் தெரிந்ததால் சிவப்பை மேலும் மேலும் சேர்த்தேன். விடிந்து பார்த்தபோது குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. முழுவதையும் சுரண்டி எடுக்க இரண்டு நாள் பிடித்தது. 30 வாற்றுக் குமிழுக்கு மாறுவதா, மேசை விளக்கு வாங்குவதா, வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

பதில்: பௌதிகவியல் ஆசிரியை, நல்லூர்

ஐயா, 30 வாற்றுக் குமிழை இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்யுங்கள்: இன்றிரவு மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேறெதையும் மாற்றாமல் அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். குமிழ் விசிறிக்கு மேலே இருக்கிறது என்று நீங்கள் எழுதிய வரியில்தான் உங்கள் தலைவலியின் காரணம் இருப்பதாக நினைக்கிறேன். மூன்று தகடுள்ள விசிறி நிமிடத்துக்கு 300 தடவை சுற்றினால், வினாடிக்கு 15 தடவை ஏதோ ஒரு தகடு வெளிச்சத்தை வெட்டிச் செல்லும். அந்த வேகத்தில் வரும் துடிப்பைக் கண் உணரும். வேலையில் மூழ்கியிருக்கும்போது மனம் அதைக் கவனிக்காதிருந்தாலும் கண்தசைக்கும் தலைக்கும் அது வேதனையே.

அடுத்து, கைத்தொலைபேசியின் கமராவைக் குமிழுக்கு அருகே பிடித்துப் பாருங்கள். திரையில் கருமையான பட்டைகள் ஓடினால் அந்தக் குமிழ் தானாகவே துடிக்கிறது என்று பொருள். எங்கள் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி என்பதால், மின்னோட்டத்தைச் சீராக்கும் பகுதி தரமில்லாத எல்.ஈ.டி. குமிழ்கள் வினாடிக்கு 100 தடவை மங்கித் தெளிகின்றன. இதைக் கண் நேரடியாகக் காணாது. ஆனால் நீங்கள் சிறிய மின்துளைகருவி பாவிப்பவரானால் ஆபத்து உண்டு. அத்தகைய வெளிச்சத்தில் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றும் துளையூசி, ஒவ்வொரு துடிப்பிலும் அதே நிலைக்கு வந்து நிற்பதால், அசையாமல் நிற்பது போலத் தோன்றக்கூடும். விரலைக் கொண்டுபோகக் கூடாது.

நிழலைப் பற்றி: குமிழ் எவ்வளவு பெரிதானாலும், அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்வரை நிழல் முன்னால்தான் விழும். வெளிச்சத்தின் அளவும் தூரத்தைப் பொறுத்ததே. உங்கள் குமிழ் மேசையிலிருந்து ஏறத்தாழ 7½ அடி உயரத்தில் இருக்கும். அதே குமிழை 1½ அடிக்கு இறக்கினால் தூரம் ஐந்தில் ஒன்றாகும், மேசையில் விழும் வெளிச்சமோ ஏறத்தாழ 25 மடங்காகும். ஐரோப்பிய ஒளியூட்டல் நியமமான 12464-1, எழுதவும் வாசிக்கவும் 500 லக்ஸும் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு), கையால் மணிக்கூடு செய்யும் வேலைக்கு 1500 லக்ஸும் கேட்கின்றது. உங்களுடைய கப்பித் துளை மணிக்கூட்டு வேலைக்குக் குறைந்ததல்ல. அத்துடன், 60 வயதுக்காரரின் விழித்திரையை 20 வயதுக்காரருக்குச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அடைகின்றது. புதுக் கண்ணாடி அதை ஈடுசெய்யாது.

பதில்: மணிக்கூட்டுக்காரர், சுன்னாகம்

தம்பி, 40 வருடம் மணிக்கூடு திருத்தியவன் என்ற முறையில் விளக்கை எங்கே வைப்பது என்பதை மட்டும் சொல்கிறேன். வலக்கைக்காரர் என்றால் முதல் விளக்கு இடப்பக்கம், சற்று முன்னால் இருக்க வேண்டும். ஊசி பிடிக்கும் கையின் நிழல் அப்போது வேலைக்கு அப்பால் போய் விழும். இரண்டாவது விளக்கை வலப்பக்கம் கொஞ்சம் தூரத்தில், மங்கலாக வையுங்கள். அது முதல் விளக்கின் நிழலைக் கரைக்குமே தவிர அழித்துவிடாது. நிழல் அடியோடு இல்லாமற்போனால் எது மேடு எது பள்ளம் என்று கண்ணுக்குப் பிடிபடாது.

விளக்குக் குடையின் கீழ்விளிம்பு உங்கள் கண்மட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும். பலர் விளக்கை நெற்றிக்கு நேரே வைத்துக்கொண்டு கண் கூசுகிறது என்பார்கள். குமிழ் கண்ணில் படவே கூடாது, வேலை மட்டுமே பட வேண்டும். மேசையில் பளபளப்பான ரெக்சின் விரித்திருந்தால் எடுத்துவிட்டு, மினுக்கமில்லாத வெளிர்சாம்பல் தாளை விரியுங்கள். கறுப்பு நூல் கட்டும்போது அதற்குப் பின்னால் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்திப் பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டாமலே நூல் தெளிந்து நிற்கும்.

பூதக்கண்ணாடி பாவித்தால் வேலை முடிந்ததும் துணியால் மூடிவிடுங்கள். கிழக்கு யன்னலருகே மூடாமல் விட்ட என்னுடைய வில்லை, ஒரு காலை வெயிலில் மேசைவிரிப்பை ஒரு ரூபாய்க் குற்றியளவு கருக்கிவிட்டது. நல்லவேளை, மணம் வந்து ஓடிப்போனேன்.

பதில்: கடலோரத்தான், பருத்தித்துறை

வில்லையைச் சுற்றி வளையமாக எல்.ஈ.டி. பதித்த விளக்கை வாங்கிவிட்டால் எல்லாம் தீருமே? நான் மின்சுற்றுப் பலகைகளுக்கு அதைத்தான் பாவிக்கிறேன்.

பதில்: பௌதிகவியல் ஆசிரியை, நல்லூர்

தட்டையான மின்சுற்றுப் பலகைக்கு அது மிகப் பொருத்தம், தம்பி. கப்பலுக்கு அது இரண்டாவது துணையாகவே உதவும். பார்வை போகும் திசையிலேயே வெளிச்சமும் போவதால், மணிக்கூட்டுக்கார ஐயா சொன்ன மேடு பள்ளம் தெரியாது. வார்னிஷ் பூசிய மரத்தில் வளையமே பிரதிபலித்து நிற்கும்.

நிறக் குழப்பத்தைப் பற்றி முன்னர் எழுதாமல் விட்டுவிட்டேன். புடைவைக் கடையில் சீலை எடுக்கும்போது எங்கள் அம்மாக்கள் அதைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் மடிப்பை விரித்துப் பார்த்த பின்னரே விலை பேசுவார்கள். ஒரு பொருளின் நிறம் அதில் விழும் ஒளியிலும் தங்கியுள்ளது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றது என்பதற்குச் சி.ஆர்.ஐ. என்னும் அளவு உண்டு. 100 அதன் உச்சம். சாதாரண எல்.ஈ.டி. குமிழ்கள் ஏறத்தாழ 80. ஆனால் அந்த எண் எட்டு மென்னிறங்களின் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அதில் சேராது, ஆர்9 என்று தனியாகவே குறிக்கப்படும். எனவே 80 என்று போட்ட குமிழிலும் சிவப்பு மிகவும் சோர்ந்து தெரியலாம். செங்காவி, தேக்கு, செம்பு ஆகிய மூன்றும் உங்கள் கப்பலில் உள்ளவை. மூன்றும் இதில் அடிபடும். நீங்கள் சிவப்பைக் கூட்டிக்கொண்டே போனது அதனால்தான். பிழை உங்கள் கையில் இல்லை.

ஆகவே சி.ஆர்.ஐ. 90க்கு மேலும், 4000 முதல் 5000 கெல்வின் வரையும் உள்ள குமிழைக் கேளுங்கள். கெல்வின் எண் ஒளியின் சாயலைக் குறிக்கும்: குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலவெள்ளை. சிலவற்றில், குறிப்பாகக் குழல் விளக்குகளில், மூன்று இலக்கம் மட்டும் அச்சிடப்பட்டிருக்கும்: 865 என்றால் சி.ஆர்.ஐ. 80க்கு மேல், 6500 கெல்வின். 940 என்றால் 90க்கு மேல், 4000 கெல்வின். இரண்டு விளக்குகளும் ஒரே இனமாக இருக்கட்டும். ஒன்று மஞ்சளும் மற்றது நீலவெள்ளையுமானால், ஒரே கயிற்றுக்கு இரு நிறத்தில் இரு நிழல் விழுந்து கண்ணைக் குழப்பும்.

கேள்வியாளர்: கப்பற்பிரியன், கொக்குவில்

ஆசிரியைக்கும் ஐயாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. விசிறியை நிறுத்திய முதல் இரவே ஒன்றரை மணி நேரம் இருந்தேன். வியர்வை ஓடியது, ஆனால் தலை வலிக்கவில்லை. கமராவில் 18 வாற்றுக் குமிழும் பட்டை காட்டியது. அதை மாட்டுக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டேன். காற்றுக்கு இப்போது நிலத்தில் வைக்கும் விசிறி ஒன்றைப் பாவிக்கிறேன்.

பழைய எழுதுமேசை விளக்குகள் இரண்டில் 9 வாற்று, 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. 90 குமிழ்களைப் பொருத்தி, ஐயா சொன்னபடியே இடமும் வலமும் வைத்தேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் நான்கு கடை ஏறி இறங்கிய பின்னரே அந்தக் குமிழ் கிடைத்தது. பெட்டியில் எண்ணை வாசித்து வாங்குபவர் குறைவு என்று கடைக்காரரே சொன்னார். கைத்தொலைபேசியின் அளவுச் செயலியில் முன்னர் 60 லக்ஸ் காட்டிய மேசை இப்போது 1100 காட்டுகின்றது. நேற்றிரவு கலந்த செங்காவியை ஒரு துண்டுச் சீவலில் பூசிக் காலையில் விறாந்தையில் வைத்துப் பார்த்தேன். இரவில் கண்ட அதே நிறம். இடப்பக்க விளக்கை மேசையோடு மேசையாகச் சாய்த்துக் கப்பலின் உடல்மீது பக்கவாட்டாக வெளிச்சத்தை ஓடவிட்டபோது, மழமழப்பாகிவிட்டது என்று நான் நம்பியிருந்த பலகைகளில் மணற்தாளின் குறுக்குக் கீறல்கள் வரிவரியாக எழுந்து நின்றன. அவற்றைத் தேய்த்த பின்னரே நிறம் பூசப் போகின்றேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் இவ்வளவு தாழ்ந்த விளக்குக்கு ஈசல் வந்து ஈர நிறத்தில் ஒட்டிக்கொள்ளாதா?

பதில்: மணிக்கூட்டுக்காரர், சுன்னாகம்

ஒட்டும், தம்பி. மழை விட்ட மாலைகளில் விறாந்தை விளக்கை முன்கூட்டியே எரியவிட்டு, அதன் கீழே அகன்ற சட்டியில் தண்ணீர் வையுங்கள். அறை யன்னலைச் சாத்தி, உள்ளே விளக்கை ஈசல் அடங்கிய பின்னரே போடுங்கள். அன்றைக்கு நூல் வேலையை மட்டும் பாருங்கள். பூசியது காயும்வரை அதன்மேல் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் போதும்.