எஸ்3 முழு அனுமதி கொடுத்தும் சில வீடியோக்கள் மட்டும் திறக்குதில்லை – உதவி தேவை

உவர்மலை வகுப்பு எழுதியது:

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கான ஒரு டியூட்டரியில் அலுவலக வேலை பார்க்கிறேன். கணனி முறையாகப் படித்தவள் இல்லை, தேவை வந்ததால் பழகிக்கொண்டேன். வகுப்புகளை வீடியோவாகப் பதிந்து, ஏடபிள்யூஎஸ் (அமேசானின் இணையக் கணனிச் சேவை) மும்பை ரீஜனில் உள்ள எஸ்3 பக்கெட் ஒன்றில், அதாவது ஃபைல்களைச் சேமிக்கிற இடத்தில், போடுகிறோம். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கப் பிள்ளைகளுக்கு மாரி மழை பிடித்தால் வகுப்புக்கு வர வழியில்லை. அவர்களுக்கு அந்தப் பதிவுதான் வகுப்பு.

இதை அமைத்துத் தந்த தம்பி வேலை கிடைத்துக் கட்டாருக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு மூதூரிலிருந்து ஒரு தங்கச்சியைச் சேர்த்திருக்கிறோம். வீட்டிலிருந்தபடியே வீடியோவை இறக்கி, வெட்டி, திரும்ப ஏற்றுவது அவருடைய வேலை. அவருக்கு ஐஏஎம்மில் (ஏடபிள்யூஎஸ்ஸில் யாருக்கு என்ன அனுமதி என்று வைக்கிற பகுதி) ஒரு யூசர் திறந்து, பார்த்துப் பார்த்து ஒரு பொலிசி (அனுமதிப் பட்டியல்) எழுதிக் கொடுத்தேன். ஃபைல் பெயர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தன, திறந்தால் ஒன்றுவிடாமல் "ஆக்சஸ் டினைட்". பிறகு அந்தப் பொலிசியைக் கழற்றிவிட்டு "அமேசான் எஸ்3 ஃபுல் ஆக்சஸ்" கொடுத்தேன். இப்போது பழைய வீடியோக்கள் திறக்கின்றன, புதியவை திறக்குதில்லை. ஒரே பக்கெட், ஒரே ஃபோல்டர். என்னுடைய லொக்-இன்னில் எல்லாமே திறக்கிறது. முழு அனுமதி என்று எழுதியிருக்கும்போது இன்னும் என்ன அனுமதி மிச்சம் இருக்கிறது?

நிலாவெளி மணல்:

அக்கா, உங்களுடைய லொக்-இன் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கும், அதனால்தான் திறக்குது. அந்தத் தங்கச்சிக்கும் "அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்சஸ்" போட்டுவிடுங்கோ, உடனே சரிவரும். நான் எங்கட ஹோட்டல் புக்கிங் கணக்கில அப்படித்தான் செய்தனான்.

சீனக்குடா:

நிலாவெளித் தம்பி சொல்வதைச் செய்தால் சரிவரும். அதனால்தான் செய்யவேண்டாம் என்கிறேன். பிழை எங்கே என்று தெரியாமலே மறைந்துவிடும். வீடியோ வெட்டுகிற ஒருவர் கையில் பக்கெட்டை அழிக்கவும், புதிய யூசர் திறக்கவும், பெரிய சேர்வர்களை ஓடவிட்டு உங்கள் கார்டில் காசு ஏற்றவும் அதிகாரம் போய்ச் சேரும். அந்தப் பிள்ளை நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய மடிக்கணனி களவு போனால்? பாஸ்வேர்ட் வேறு எங்காவது கசிந்தால்?

தங்கச்சி, முதலில் நீங்கள் எழுதிய பொலிசி ஏன் வேலை செய்யவில்லை என்பதை ஊகிக்க முடிகிறது. ரிசோர்ஸ் என்ற இடத்தில் பக்கெட்டின் ஏஆர்என் (ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் அதன் முழுப் பெயர்) மட்டும் போட்டிருப்பீர்கள். "லிஸ்ட் பக்கெட்" என்பது பக்கெட்டின்மேல் செய்கிற வேலை, அதற்கு அது போதும். "கெட் ஒப்ஜெக்ட்" உள்ளே இருக்கிற ஃபைல்மேல் செய்கிற வேலை. அதற்குப் பக்கெட் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் வேண்டும். இரண்டு வரியும் தனித்தனியாக இருக்கவேண்டும். பெயர் தெரிந்து ஃபைல் திறக்காமல் போவதற்கு அநேகமாக இதுதான் காரணம். (லிஸ்ட் அனுமதி இல்லாதவர் ஃபைல் பெயரைப் பிழையாக அடித்தாலும் "இல்லை" என்று வராது, "ஆக்சஸ் டினைட்" என்றுதான் வரும். இதிலே நாள்கணக்காக மினக்கெட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.)

இப்போதைய பிரச்சினை வேறு. இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். திறக்கிற வீடியோவுக்கும் திறக்காததற்கும் நடுவில் ஏதும் திகதி எல்லை இருக்கிறதா? அடுத்தது, அவர் "ஓப்பன்" அமர்த்தும்போது வருகிற புதிய டப்பில் உள்ள எழுத்து முழுவதையும் வாசியுங்கள். முதல் வரியோடு நிறுத்தவேண்டாம்.

உவர்மலை வகுப்பு:

அண்ணா, நட்சத்திரக் குறி நான் போடவே இல்லை. இப்போதுதான் விளங்குகிறது.

திகதி எல்லை இருக்கிறது! ஒக்டோபர் முதல் வாரத்துக்கு முந்தியது எல்லாம் திறக்கிறது, பிந்தியது ஒன்றும் இல்லை. தங்கச்சி டப்பில் வந்ததை ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். "ஆக்சஸ் டினைட்" என்பதற்குக் கீழே நீளமாக ஒரு வசனம். இந்த யூசருக்கு "கேஎம்எஸ் டிக்ரிப்ட்" செய்ய அனுமதி இல்லை, ஐடென்டிட்டி பொலிசி எதுவும் அதை அனுமதிக்கவில்லை என்று இருக்கிறது. நாங்கள் இருவரும் அந்த வசனத்தை இவ்வளவு நாளும் வாசிக்கவே இல்லை.

சீனக்குடா:

வசனத்திலேயே விடை இருக்கிறது. கட்டார் போன தம்பி ஒக்டோபரில் பக்கெட்டின் டிஃபோல்ட் என்கிரிப்ஷனை, அதாவது ஏறுகிற ஃபைலைத் தானாகப் பூட்டுகிற முறையை, மாற்றியிருக்கிறார். அதற்கு முன் எஸ்3 தானே பூட்டித் தானே திறந்தது, யாரும் தனியாகத் திறப்பு வைத்திருக்கத் தேவையில்லை. பிறகு கேஎம்எஸ் என்ற வேறு சேவையில் உங்களுக்கென்று ஒரு கீ உண்டாக்கி, அதால் பூட்டச் சொல்லியிருக்கிறார். அந்த மாற்றம் அதற்குப் பிறகு ஏறுகிற ஃபைலுக்கு மட்டும்தான் செல்லும். பழையவை பழைய பூட்டிலேயே இருக்கின்றன. அதுதான் உங்கள் திகதி எல்லை.

அறைக்கு ஒரு திறப்பு, அறைக்குள் இருக்கிற அலுமாரிக்கு இன்னொரு திறப்பு. எஸ்3 ஃபுல் ஆக்சஸ் என்றால் அறைத் திறப்பு முழுவதும். அலுமாரித் திறப்பு கேஎம்எஸ் கையில். அட்மினிஸ்ட்ரேட்டரிடம் இரண்டும் இருப்பதால் உங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

தம்பலகாமம் வயல்:

அப்படியென்றால் அந்தக் கீயை அழித்துவிட்டு என்கிரிப்ஷனைப் பழையபடி மாற்றிவிட்டால் முடிந்ததுதானே? டியூட்டரி வீடியோவுக்கு எதற்கு இவ்வளவு பூட்டு?

சீனக்குடா:

தயவுசெய்து யாரும் அதைச் செய்யவேண்டாம். தங்கச்சி, நீங்கள் இதை வாசிப்பதற்குள் அந்தப் பட்டனைத் தொட்டுவிடக்கூடாது என்பதற்காக வேலையை விட்டுவிட்டு எழுதுகிறேன். கீ அழிந்தால் அதால் பூட்டிய வீடியோ எல்லாம் அழிந்ததற்குச் சமன். ஃபைல் பக்கெட்டில் இருக்கும், மாதாமாதம் காசும் போகும், ஆனால் ஏடபிள்யூஎஸ்ஸாலும் அதைத் திறந்து தர முடியாது. அதனால்தான் கீயை உடனே அழிக்க விடாமல், குறைந்தது 7 நாள், கூடியது 30 நாள் காத்திருப்பு வைத்திருக்கிறார்கள். அதற்குள் அழிப்பை நிறுத்தலாம். அழித்தபிறகு ஒன்றும் செய்ய முடியாது. டிஃபோல்ட்டைப் பழையபடி மாற்றுவது உங்கள் விருப்பம், ஆனாலும் ஏற்கனவே பூட்டியவற்றுக்கு அந்தக் கீ வேண்டும்.

செய்யவேண்டியது இதுதான். கேஎம்எஸ் பக்கத்தில், மும்பை ரீஜனிலேயே நின்று, அந்தக் கீயைத் திறந்து அதன் கீ பொலிசியைப் பாருங்கள். உங்கள் அக்கவுண்ட் இலக்கமும் "ரூட்" என்ற சொல்லும் உள்ள ஒரு பகுதி அங்கே இருக்கவேண்டும். இருந்தால் ஐஏஎம் பொலிசி மூலமே அனுமதி கொடுக்கலாம். அது இல்லாமல் போன தம்பியின் யூசர் மட்டும் இருந்தால் ஒன்றையும் தொடாமல் இங்கே வந்து சொல்லுங்கள்.

இருந்தால், "வீடியோ எடிட்டிங்" என்று ஐஏஎம் குரூப் ஒன்று திறந்து, மூதூர்த் தங்கச்சியை அதில் சேருங்கள். அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் குரூப்புக்குக் கொடுங்கள். நாளைக்கு வேறொருவர் வந்தால் பெயரை மாற்றினால் போதும். குரூப் பொலிசியில் பக்கெட்டுக்கு லிஸ்ட், ஃபைலுக்கு கெட்டும் (இறக்க) புட்டும் (ஏற்ற), அந்த ஒரு கீயின் ஏஆர்என்னுக்கு மட்டும் "டிக்ரிப்ட்", "ஜெனரேட் டேட்டா கீ" இரண்டும். ஏற்றுவதற்கு இரண்டாவது மட்டும் போதும் என்று நினைத்து முதலாவதை விடுவார்கள். பெரிய வீடியோ துண்டுதுண்டாகத்தான் ஏறும், அப்படி ஏறும்போது டிக்ரிப்ட்டும் கேட்கும். பிடிஎஃப் குறிப்பு ஏறிவிடும், வீடியோ ஏறாது, மறுபடியும் குழம்புவீர்கள்.

டிலீட் கொடுக்கவேண்டாம். ஆனால் புட் இருந்தால் அதே பெயரில் வேறு ஃபைலை மேலே ஏற்றிப் பழையதை இல்லாமல் ஆக்கலாம். அதனால் பக்கெட்டில் வெர்ஷனிங் (பழைய பிரதியையும் வைத்திருக்கிற வசதி) போட்டு வையுங்கள்.

உவர்மலை வகுப்பு:

நல்லவேளை, கீயைத் தொடவில்லை. கீ பொலிசியில் "ரூட்" பகுதி இருந்தது. குரூப் திறந்து, ஃபுல் ஆக்சஸைக் கழற்றிவிட்டு, நீங்கள் சொன்னபடி எழுதினேன். மூதூரில் வீடியோ திறக்கிறது! இரசாயனவியல் சேருடைய இரண்டு மணித்தியால வகுப்பை வெட்டித் திரும்ப ஏற்றியும் விட்டார்.

ஐஏஎம்முக்குள் நின்றபோது இன்னொன்று கண்ணில் பட்டது. போன தம்பியின் யூசர் இன்னும் இருக்கிறது. அதில் ஒரு ஆக்சஸ் கீ (கேஎம்எஸ் கீ இல்லை, பாஸ்வேர்ட் மாதிரி ஸ்கிரிப்டுகள் உள்ளே போகப் பாவிப்பது) "நேற்று பயன்படுத்தப்பட்டது" என்று காட்டுகிறது. அவர் போய் மூன்று மாதம். எங்களுக்குச் சொந்தச் சகோதரம் மாதிரி இருந்த பிள்ளை, அவரைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. ஆனாலும் இரவு நித்திரை இல்லை. உடனே அழித்துவிடவா?

சீனக்குடா:

அவரையும் சந்தேகிக்கவேண்டாம், கீயையும் உடனே அழிக்கவேண்டாம். கடைசியாக எந்தச் சேவைக்கு, எந்த ரீஜனில் பயன்பட்டது என்றும் அங்கேயே இருக்கும். எஸ்3, மும்பை என்றால் முதலில் உங்கள் அலுவலகக் கணனியைப் பாருங்கள். இரவில் தானாக வீடியோ ஏற்றுகிற ஸ்கிரிப்ட் ஏதும் ஓடுகிறதா? கிளவுட்ட்ரெயிலின் (அக்கவுண்டில் யார் என்ன செய்தார் என்ற பதிவேடு) ஈவன்ட் ஹிஸ்டரியில் கடைசி 90 நாள் இருக்கும். வீடியோ ஏறியது அதில் வராது, ஆனால் அதற்காகக் கேஎம்எஸ்ஸிடம் கேட்டது வரும், எந்த நேரத்தில் என்பதோடு.

உவர்மலை வகுப்பு:

கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் பதிவறைக் கணனிதான். இரவு 11 மணிக்கு அன்றைய வகுப்புகளை ஏற்றுகிற வேலையை அந்தத் தம்பி தன்னுடைய கீயிலேயே எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு வாட்ஸ்அப்பில் அழைத்துக் கேட்டேன். அவசரத்தில் அப்படி வைத்ததாகவும், மாற்றவேண்டும் என்று நினைத்து மறந்துபோனதாகவும் சொல்லி மிகவும் வருத்தப்பட்டார். அவரே இன்னொன்றும் சொன்னார். அக்கவுண்டின் ரூட் லொக்-இன் (அக்கவுண்ட் முழுவதற்கும் உரிய முதல் லொக்-இன்) அவருடைய சொந்த ஈமெயிலில்தான் இருக்கிறதாம்.

சீனக்குடா:

அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஐஏஎம்மில் நீங்கள் எத்தனை கட்டுப்பாடு போட்டாலும் ரூட்டுக்கு அது பொருந்தாது. இன்றே அவரோடு அழைப்பில் இருந்து, அவர் ரூட்டாக உள்ளே போய், ஈமெயிலை டியூட்டரியின் பொது ஈமெயிலுக்கு மாற்றட்டும். உறுதிப்படுத்தும் இலக்கம் புதிய ஈமெயிலுக்கு வரும், அதை நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அவருடைய ஃபோனில் எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேலே இன்னொரு சரிபார்ப்பு) இருந்தால் உங்களுடையதைச் சேர்த்துச் சரிபார்த்தபிறகே அவருடையதை எடுங்கள். ரூட்டுக்கு 8 எம்எஃப்ஏ வரை வைக்கலாம். ஒன்று உங்களிடம், ஒன்று டியூட்டரி உரிமையாளரிடம் இருக்கட்டும்.

பிறகு பதிவறைக் கணனிக்கென்று தனியாக ஒரு ஐஏஎம் யூசர், கொன்சோல் (ஏடபிள்யூஎஸ் இணையத்தளம்) பாஸ்வேர்ட் இல்லாமல். புட்டும் அந்த இரண்டு கேஎம்எஸ் அனுமதியும் மட்டும் கொடுத்து, புதிய கீயை ஸ்கிரிப்டில் மாற்றுங்கள். ஓரிரவு ஓடி வீடியோ ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் பழைய கீயை "இன்அக்டிவ்" ஆக்கவேண்டும். எதாவது நின்றால் திரும்ப அக்டிவ் ஆக்கலாம், அழித்துவிட்டால் அது முடியாது. இரண்டு கிழமை ஒன்றும் நிற்கவில்லை என்றால் கீயையும் அவருடைய யூசரையும் எடுத்துவிடுங்கள்.

நிலாவெளி மணல்:

அண்ணா, இதை வாசித்துவிட்டு எங்கட கணக்கைப் பார்த்தன். ஐந்து பேருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் இருக்கு, அதில ரெண்டு பேர் போன சீசனோட வேலையை விட்டவை. இண்டைக்கே குரூப் போடத் தொடங்கிட்டன்.

உவர்மலை வகுப்பு:

ரூட் ஈமெயில் மாறிவிட்டது. கட்டாரில் தம்பி வேலை முடிந்து வரும்வரை இரவு பத்தரை மட்டும் காத்திருந்து செய்தோம். எம்எஃப்ஏ என்னுடைய ஃபோனிலும் டியூட்டரி உரிமையாளர் சேருடைய ஃபோனிலும் இருக்கிறது. பதிவறைக் கணனி புதிய கீயில் இரண்டு இரவு ஓடிவிட்டது, பழைய கீ இன்று காலை இன்அக்டிவ். கலண்டரில் இரண்டு கிழமை தள்ளிக் குறித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு அழித்துவிட்டு இங்கே வந்து சொல்கிறேன்.