ஜடேஜாவைக் கொடுத்துவிட்டு 28 கோடிக்கு இரண்டு பையன்கள்: சிஎஸ்கே செய்தது சரியா?

பல்லடத்தான்:

வணக்கமுங்க. 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஐபிஎல் ஏலம் முடிந்ததிலிருந்து மண்டை குடைகிறது, விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ் (சிஎஸ்கே) ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். சரி, கீப்பர் வேண்டும், தோனிக்கு 44 வயதாகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் வேகப்பந்து போடும் பதிரனாவை விட்டார்கள், கொல்கத்தா 18 கோடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கையில் 43.40 கோடியோடு ஏலத்துக்குப் போனவர்கள் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்று இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாத இரண்டு பையன்களுக்குத் தலைக்கு 14.20 கோடி கொடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19.

2025இல் நாம் வாங்கிய அடி எனக்கும் தெரியும். 14 ஆட்டத்தில் நாலே வெற்றி, ஐபிஎல் தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாகக் கடைசி இடம், சேப்பாக்கத்தில் ஆடிய ஆறில் ஐந்து தோல்வி. ஆகவே ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் சண்டை இல்லை. ஆனால் "வயசான ஆளுங்களை வெச்சே கப் அடிப்போம்" என்று இத்தனை வருடம் இருந்த அணி, ஒரே வருடத்தில் இப்படித் தலைகீழாகப் புரள்வது யோசித்துச் செய்ததா, பயந்து செய்ததா? எங்கள் பனியன் கம்பெனியில் ஷிஃப்டுக்கு ஒரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம், அதனால் கேட்கிறேன்.

கோபி வாய்க்கால்:

யோசித்துச் செய்ததுதான் அண்ணா, ஒரு வருடம் தாமதமாகச் செய்தார்கள், அவ்வளவுதான். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தைத் திரும்பிப் பாருங்கள். ராகுல் திரிபாதிக்கு 3.40 கோடி, தீபக் ஹூடாவுக்கு 1.70 கோடி, விஜய் சங்கருக்கு 1.20 கோடி, அஸ்வினுக்கு 9.75 கோடி. மற்ற அணிகள் முதல் ஆறு ஓவரில் 70, 80 என்று போய்க்கொண்டிருந்த காலத்தில் நாம் வாங்கியதெல்லாம் நின்று நிதானமாக ஆடுபவர்கள். கொல்கத்தாவிடம் சேப்பாக்கத்தில் 9 விக்கெட்டுக்கு 103 ரன் எடுத்தோமே, அவர்கள் 59 பந்து மிச்சம் வைத்து முடித்தார்களே, அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகும் பழைய ஆட்களே போதும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். ருதுராஜுக்கு முழங்கை உடைந்ததால் ஆயுஷ் மாத்ரே வந்தார், 30 லட்சம். குர்ஜப்னீத் காயமானதால் பிரேவிஸ் வந்தார், 2.20 கோடி. இரண்டு பேருமே மாற்று ஆள். மாத்ரே பெங்களூருவில் 48 பந்தில் 94, பிரேவிஸ் ஈடன் கார்டனில் 25 பந்தில் 52, அதில் ஒரே ஓவரில் 30. கோடி கோடியாகக் கொட்டி வாங்கியவர்கள் செய்யாததை வழியில் ஏறியவர்கள் செய்தார்கள். பயிற்சியாளர் ஃபிளெமிங்குக்குக் கண் திறந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். 14.20 கோடி என்பது அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் சின்ன ஏலத்தில் விலை ஆளைப் பார்த்து ஏறுவதில்லை, எதிரில் கை தூக்குபவரின் பையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்து ஏறுகிறது. அன்றைக்குக் கேமரன் கிரீனே 25.20 கோடிக்குப் போனார். நம் பையில் 43 கோடி, நிரப்ப வேண்டியது ஒன்பதே இடம். கடைசியில் 2.40 கோடி செலவாகாமல் மிச்சம் வேறு. அந்த 28 கோடியை மிச்சம் பிடித்து வைத்து என்ன வட்டிக்கா விட முடியும்?

பவானிக்காரி:

கோபித் தம்பி, இளைஞர்கள் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? நான் கேட்பது ஜடேஜாவைப் பற்றி. பெங்களூருவில் மாத்ரே 94 அடித்த அதே ஆட்டத்தில் கடைசி வரை நின்று 45 பந்தில் 77 அடித்தது யார்? இரண்டே ரன்னில் தோற்றோம். அன்றைக்கு ஆட்டத்தைக் கடைசிப் பந்து வரை கொண்டுபோன ஆளைத்தான் இப்போது தாட்டி விட்டிருக்கிறோம். 2023 இறுதி ஆட்டத்தை வேறு சொல்லிக் காட்ட வேண்டுமா? மோஹித் சர்மாவின் கடைசி இரண்டு பந்து, சிக்ஸும் ஃபோரும், தோனி அந்த மனிதரை அப்படியே தூக்கிக்கொண்டார். 2012இலிருந்து நம்மிடம் இருந்தவர், நடுவில் அணிக்குத் தடை இருந்த அந்த இரண்டு வருடம் தவிர.

உணர்ச்சியை விடுங்கள், கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஜடேஜா இருந்தால் நாலு ஓவர் இடக்கை சுழல், ஆறாவதோ ஏழாவதோ இறங்கி ஒரு பேட்டிங், மைதானத்தில் குறைந்தது பத்து ரன் மிச்சம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தது. இப்போது பந்து வீச்சுக்கு அகீல் ஹொசைனை 2 கோடிக்கு வாங்கியிருக்கிறோம், அவர் வெளிநாட்டு ஆள், பதினோரு பேரில் வெளிநாட்டவருக்கு உள்ள நாலு இடத்தில் ஒன்றைத் தின்பார். பேட்டிங்குக்கு வேறு ஒருவர். சாம் கரனும் போயாச்சு, போன வருடம் சேப்பாக்கத்தில் பஞ்சாபுக்கு எதிராக 47 பந்தில் 88 அடித்தவர், வெறும் 2.40 கோடி ஆள். ஒரு சாம்சனுக்காக இரண்டு ஆல்ரவுண்டர்களைக் கொடுத்துவிட்டு, இப்போது ஆல்ரவுண்டர் இல்லை என்று ஒரு பையனுக்கு 14 கோடி கொடுக்கிறோம். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கோபி வாய்க்கால்:

அக்கா, நீங்கள் சொன்ன பெங்களூரு ஆட்டம் உண்மை, மற்ற ஆட்டங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2025இல் பல இரவுகளில் ஜடேஜா ஒன்றிரண்டாகத் தட்டிக்கொண்டு இருந்ததில்தான் தேவையான ரன்ரேட் 12, 14 என்று ஏறியது. பந்திலும் பழைய கடி இல்லை, சேப்பாக்கம் ஆடுகளமும் நமக்குச் சொன்னபடி கேட்கவில்லை. 37 வயது. அவர் சம்பளம் 18 கோடி, ராஜஸ்தானே அதை 14 கோடியாகக் குறைத்துத்தான் எடுத்தது. அவர்களுக்கே தெரிந்த கணக்கு நமக்குத் தெரியக் கூடாதா? சாம்சனுக்கு 31, இன்னும் ஐந்து வருடம் தாராளமாக ஆடுவார்.

சேலத்து யார்க்கர்:

நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள், என் வயிற்றெரிச்சல் வேறு. பெயரில் சென்னை இருக்கிறது, இப்போது அணியில் தமிழ்நாட்டுக்கு ஆடுபவர் எத்தனை பேர்? அஸ்வின் ஓய்வு பெற்றுவிட்டார், விஜய் சங்கரையும் ஆந்த்ரே சித்தார்த்தையும் விட்டாயிற்று. என் கணக்குப்படி மிச்சம் குர்ஜப்னீத் சிங் ஒருவர்தான், அவரும் போன சீசனில் ஒரு ஆட்டமும் ஆடவில்லை.

குஜராத்தைப் பாருங்கள். சாய் சுதர்சன் 2025இல் 759 ரன் அடித்து, அதிக ரன்னுக்கான ஆரஞ்சு தொப்பி வாங்கினார், சாய் கிஷோர், வாஷிங்டன் சுந்தர், ஷாருக் கான் எல்லாரும் அங்கே. இதில் சாய் கிஷோர் 2020லும் 2021லும் நம்மிடம்தான் இருந்தார், ஒரே ஒரு ஆட்டம்கூடக் கொடுக்கவில்லை. கோயம்புத்தூர் ஜெகதீசனை 2022 நவம்பரில் விட்டோம். அதே மாதம் விஜய் ஹசாரே உள்ளூர் ஒருநாள் தொடரில் தொடர்ந்து ஐந்து சதம், அருணாசலத்துக்கு எதிராக 277! அதைப் பார்த்துவிட்டு கொல்கத்தா கூட்டிக்கொண்டு போனது. எங்கள் சின்னப்பம்பட்டி நடராஜனை ஒரு முறையாவது எடுத்தோமா? 2017இல் பஞ்சாப், அப்புறம் ஹைதராபாத், இப்போது டெல்லி. 10.75 கோடிக்கு வாங்கிய டெல்லி அவரைப் போன வருடம் பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார வைத்தது. ஜடேஜாவை விற்கத் தெரிந்தவர்களுக்கு டெல்லிக்கு ஒரு போன் போட்டு "அவரைக் கொடுக்கிறீர்களா" என்று கேட்கத் தெரியாதா? பதிரனா போன பிறகு கடைசி நாலு ஓவர் யார் போடுவார்கள் என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

(நம்ம தமிழ்நாடு பிரீமியர் லீக்கில், அதான் டிஎன்பிஎல்லில், 2025இல் திருப்பூர் தமிழன்ஸ் கோப்பை அடித்ததே, இறுதியில் திண்டுக்கல்லை 102க்குச் சுருட்டி. கேப்டன் சாய் கிஷோர், நடராஜனும் அதே அணி, 488 ரன் அடித்து தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆன துஷார் ரஹேஜாவும் அதே அணி. நம்ம ஊர்ப் பக்கம் ஆள் இல்லாமல் இல்லை.)

பவானிக்காரி:

இதில் நான் சேலத்தார் பக்கம். ஆனால் நடராஜனுக்கு 10.75 கோடி, முழங்கால், தோள்பட்டை என்று காயமும் விடாமல் துரத்துகிறது. ஊர்ப்பாசத்தில் எடுத்துவிட்டு அவர் நாலு ஆட்டத்தில் உட்கார்ந்தால் முதலில் திட்டுவது நாம்தான்.

பல்லடத்தான்:

சேலத்து நண்பரே, ரஹேஜாவின் ஆட்டத்தைப் பார்த்தவன் என்ற முறையில் உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நம்ம ஊர்ப் பையன் என்பதற்காக எடு என்றால் எனக்கு ஒப்பவில்லை. தோனி ராஞ்சி, ரெய்னா காசியாபாத், ஜடேஜா ஜாம்நகர், யாரையும் நாம் அந்நியமாக நினைத்ததில்லையே. தேடிப் பார்க்கிறார்களா என்பதுதான் கேள்வி. பிரசாந்த் வீரை உத்தரப்பிரதேசத்தில் போய்க் கண்டுபிடித்தவர்கள் கோயம்புத்தூர் எஸ்என்ஆர் கல்லூரி மைதானத்தில் நடக்கிற ஆட்டத்துக்கும் ஒரு ஆளை அனுப்பியிருந்தால் எனக்குச் சமாதானம்.

கோபித் தம்பி சொன்னதில் மாத்ரே, பிரேவிஸ் விஷயம் சரியாகவே படுகிறது. ஆனாலும் ஒரு சந்தேகம். அவர்கள் இரண்டு பேரும் எந்தச் சுமையும் இல்லாமல் வந்து அடித்தார்கள், அணி ஏற்கெனவே கீழே கிடந்தது. 14 கோடி முத்திரையோடு ஒரு 19 வயதுப் பையன் சேப்பாக்கத்தில் முதல் பந்தைச் சந்திப்பது அப்படி இருக்குமா? இரண்டு ஆட்டம் சரியாக அமையாவிட்டால் இந்த இடத்திலேயே அவரைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள்.

நொய்யல் கரை:

எல்லாரும் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள், பதினோரு பேரை எழுதிப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன், தலை சுற்றியது. தொடக்க ஆட்டக்காரர்கள் மட்டும் மாத்ரே, சாம்சன், ருதுராஜ், உர்வில் படேல், மேத்யூ ஷார்ட் என்று ஐந்து பேர். கீப்பர்கள் தோனி, சாம்சன், உர்வில், கார்த்திக் சர்மா என்று நாலு பேர். கார்த்திக் கையுறை மாட்ட வரவில்லை, அடிக்கத்தான் வருகிறார், அது தெரிகிறது. ஆனாலும் கையில் இருப்பது கீழே இறங்கி அடிப்பவர்களும் மேலே இறங்கி அடிப்பவர்களும், நடுவில் 8இலிருந்து 15 ஓவர் வரை சுழலை அடிப்பவர் துபேயும் பிரேவிஸும்தான். 75 லட்சத்துக்கு சர்ஃபராஸ் கானை எடுத்ததை யாருமே சொல்லவில்லையே, இந்த ஏலத்தில் நல்ல கொள்முதல் அதுதான் என்பேன், சுழலை அவ்வளவு நன்றாக ஸ்வீப் ஆடுவார்.

வெளிநாட்டவர் எட்டுப் பேர், இடம் நாலு. நூர் அகமதுவை எடுக்காமல் முடியாது, 24 விக்கெட் எடுத்தவர், அந்தச் சோகமான சீசனில் நமக்கு வாய்த்த ஒரே நிம்மதி. பிரேவிஸ் கட்டாயம். கடைசி ஓவருக்கு நாதன் எல்லிஸ், சேலத்தாரின் கேள்விக்கு என் பதில் அவர்தான். அப்படியானால் ஓவர்ட்டன், மேட் ஹென்றி, ஹொசைன், ஷார்ட், ஃபௌல்க்ஸ் ஐந்து பேருக்கும் இருப்பது ஒரே இடம். ஜடேஜாவின் ஓவர்களை ஹொசைன் போடுவார் என்று பவானி அக்கா சொன்னது அதனால்தான் நடக்காது என்று படுகிறது. உள்ளூர்ச் சுழலுக்கு ராகுல் சாஹரை 5.20 கோடிக்கு எடுத்திருக்கிறார்கள், ஆனால் சாஹருக்கு பேட்டிங் இல்லை. சுற்றி வளைத்துப் பார்த்தால் ஜடேஜாவின் சட்டை நேராகப் பிரசாந்த் வீருக்குத்தான் போகிறது, அவரும் இடக்கைச் சுழல், இடக்கை பேட்டிங். அந்த 14 கோடியின் காரணம் இதுதான், வேறு யாரையும் வைத்து அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

பவானிக்காரி:

அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன், ஓட்டையைப் போட்டது யார்?

நொய்யல் கரை:

அக்கா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓட்டை இரண்டு வருடத்தில் தானாகவே விழுந்திருக்கும், அப்போது கையில் சாம்சனும் இருந்திருக்க மாட்டார். எனக்கு அதைவிட வேறு கவலை. ருதுராஜ் கேப்டன், பின்னால் தோனி, பக்கத்தில் ஐந்து வருடம் ராஜஸ்தான் கேப்டனாக இருந்த சாம்சன். தோனி கையுறை மாட்டினால் சாம்சன் எல்லைக்கோட்டில் ஓட வேண்டும், சாம்சன் மாட்டினால் தோனி எங்கே நிற்பார்? ஆட்டத்தின் நடுவில் மாற்றி இறக்குகிற இம்பாக்ட் ஆளாக வந்து பேட் மட்டும் பிடிப்பதா? போன வருடம் பெங்களூருக்கு எதிராக அஸ்வினுக்கும் பின்னால் ஒன்பதாவதாக இறங்கினாரே, அதை இன்னொரு வருடம் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. இதை வைத்து உங்கள் பதினொன்றை எழுதுங்கள், பார்ப்போம்.

கோபி வாய்க்கால்:

மாத்ரே, சாம்சன், ருதுராஜ், பிரேவிஸ், துபே, கார்த்திக், பிரசாந்த் வீர், நூர், எல்லிஸ், கம்போஜ், கலீல். தோனி இம்பாக்ட். திட்டுபவர்கள் வரிசையில் வாங்க.

சேலத்து யார்க்கர்:

தமிழ்நாட்டு ஆள் பூஜ்யம். நான் முதல் ஆள்.