மீண்டும் வந்த ஸ்லைடு பிலிம்: உங்கள் அனுபவம் என்ன?

ஒளிப்பெட்டி:
நெகட்டிவ் இல்லாமல் நேராகவே அசல் நிறத்தில் படம் தருவது ஸ்லைடு பிலிம். அந்த வகையில் கோடாக் 2012இல் கைவிட்ட எக்டாக்ரோம் 2018இல் மறுபடி விற்பனைக்கு வந்ததும் ஒரு சுருள் வாங்கிவிட்டேன். எடுத்து முடித்துக் கழுவக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துக் கேட்டால், “இன்னும் பத்துச் சுருளாவது சேரட்டும் சார், ஒன்றுக்காக மருந்து கலக்க முடியாது” என்றார் லேப்காரர். கைக்கு வந்த அன்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அம்மாவின் அரக்குச் சேலையில் ஜரிகை இழை இழையாக மின்னியது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு வெகுநேரம் திருப்பித் தரவில்லை. ஆனாலும் லேப்காரர் சொன்னதுதான் மனத்தை அரிக்கிறது. கழுவ இடமில்லை என்றால் யார் வாங்குவார்கள்?

அட்டைப்படம்:
1990களில் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தேன். அட்டைக்கு ஸ்லைடுதான் கேட்பார்கள். ஆசிரியர் லூப் என்ற உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, ஒரு சுருளின் முப்பத்தாறு படங்களில் முப்பத்தைந்தை ஒதுக்கினார். மிஞ்சிய ஒன்றின் ஓரத்தில் என் கைரேகை! அன்று அச்சுத் தொழில் இந்தப் பிலிமுக்குச் சோறு போட்டது. இன்று ஆர்வலர்களை மட்டும் நம்பி எத்தனை நாள் ஓடும்?

இருட்டறை:
ஒளிப்பெட்டி சொல்வதை ஏற்க மாட்டேன். வீட்டிலேயே கழுவலாம். எனக்கு ஒருமுறை மருந்து ஆறிப்போய், மகளின் முதல் பிறந்தநாள் முழுதும் இருண்டுவிட்டது. அதிலிருந்து கற்றதைச் சொல்கிறேன். ஆறு மருந்துகளை மூன்றாகச் சுருக்கிய பெட்டிகளை வாங்குங்கள். முதலில் ஊற்றும் மருந்தான முதல் டெவலப்பரை 38 டிகிரி செல்சியஸில் பிடித்து வையுங்கள். அதில் கோட்டைவிட்டால் பிறகு எதுவும் காப்பாற்றாது. பாட்டில்களை வெந்நீர் வாளியில் நிறுத்துங்கள். படமெடுக்கும்போது காட்சியில் வெளிச்சமான இடத்தை வைத்து ஒளியை அளவெடுங்கள். நெகட்டிவ் பொறுக்கும் அதிக வெளிச்சத்தை ஸ்லைடு பொறுக்காது. வெளுத்த வானம் வெளுத்ததுதான்.

வெல்வியா பிரியன்:
அட்டைப்படம் ஐயா, ஓடும் ஆலை கையில் இருந்தால் முடியும். வெல்வியா 50 என்ற தன் ஸ்லைடு பிலிமை நிறுத்துவதாக 2005இல் அறிவித்த பியூஜி நிறுவனம், 2007இல் திரும்பக் கொண்டுவந்தது. எக்டாக்ரோம் பிறக்கும், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள கோடாக் ஆலையில் சினிமா பிலிமும் ஓடுகிறது. இத்தாலியில், நின்றுபோன ஆலையை எழுப்ப முயன்ற பெரானியா நிறுவனம் 2014இல் ஸ்லைடு பிலிமுக்காக 3 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியும், 2017இல் கருப்பு வெள்ளைதான் வந்தது. நின்றுபோன ஆலையை எழுப்புவது அவ்வளவு கடினம்.

என் கதை சிறியது. விலையைக் கேட்டுவிட்டு, எடுத்த இரண்டு சுருளில் ஒன்றைத் திருப்பி வைத்தேன். பின்னால் நின்ற கல்லூரிப் பெண் சட்டென்று அதை எடுத்துக்கொண்டு, “இதை எங்கே கழுவுவார்கள் அண்ணா?” என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே லேப் வெளியூரில் இருந்தது. ரசீதின் பின்பக்கம் முகவரி எழுதிக் கொடுத்தேன்.