புழக்கமீள் நெகிழி: ஒரு சொல் முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

'Post-consumer recycled plastic' (சுருக்கமாக பிசிஆர்), அதாவது பயனரை நோக்கிப் போய்க் கழிவாகத் திரும்பி மறுசுழற்சியான நெகிழிக்குத் தமிழில் என்ன சொல் என்று இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். சிறு நெகிழி வார்ப்புப் பட்டறைகளுக்கான கையேட்டை மொழிபெயர்க்கும் வேலையில் இருப்பதால் எனக்கு அந்தச் சொல் அவசரத் தேவை. முதலில் ஒரு கேள்விக்குப் பதில்.

> "நுகர்வுக்குப் பிந்தைய மறுசுழற்சி நெகிழி" என்றே எழுதலாமே? பொருள் தெளிவாகத்தானே இருக்கிறது?

சொற்றொடராக இருக்கிறது, சொல்லாக இல்லை. அட்டவணைத் தலைப்பில் "நுகர்வுக்குப் பிந்தைய மறுசுழற்சி செய்யப்பட்ட நெகிழி உள்ளடக்க விழுக்காடு" என்று அடித்துப் பார்த்தேன். தலைப்பு நான்கு வரிக்கு மடிகிறது. அதன் கீழே பரிதாபமாக ஒரு "30". பட்டறையில் யார் வாயிலும் இது நுழையாது. இப்போது போலவே "பிசிஆர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'நுகர்வு' என்ற சொல்தான் வழுக்குகிறது. ஐஎஸ்ஓ 14021 தரநிலை தரும் வரையறையில் வீடுகள் மட்டும் இல்லை. ஒரு பொருளின் இறுதிப் பயனர் என்ற நிலையில் கடை, அலுவலகம், தொழிற்சாலை எது கழித்துப் போட்டாலும் இந்த வகையில் சேரும். கடைவரை போய் விற்காமல் திரும்பி வந்ததும் சேரும். விற்காத பொருளை யார் நுகர்ந்தார்கள்?

இதே காரணத்தால், பயனரை அடையுமுன் உற்பத்தியிலேயே ஒதுங்கும் கழிவைக் குறிக்க எதிர்ச்சொல்லாக வந்த 'ஆலைக்கழிவு' என்பதையும் ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. மூலப்பொருள் வந்திறங்கிய சாக்கு ஆலைக்குள்ளேதான் கிழிகிறது. ஆனால் அந்தச் சாக்கின் இறுதிப் பயனர் அந்த ஆலையே என்பதால் அது பிசிஆர் பக்கம் போகும். இடத்தை வைத்துப் பெயரிட்டால் இப்படித்தான் சிக்கும். சரி, ரன்னரை (அச்சுக்கு நெகிழி ஓடிய வழியில் உறைந்த மிச்சத்தை) அரைத்து அதே எந்திரத்தின் ஹாப்பரில் (மூலப்பொருள் கொட்டும் புனலில்) திரும்பப் போடுகிறார்களே, அது? அது இரண்டிலும் சேராது. அதே வேலையில் பிறந்து அதே வேலைக்குள் திரும்பக்கூடியதை மறுசுழற்சிக் கணக்கில் காட்டக் கூடாது என்று தரநிலை வெளிப்படையாகச் சொல்கிறது. கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போடப் போகிறேன்.

> எங்கிருந்து வந்தால் என்ன? உருக்கினால் எல்லாம் 'தானா' (நெகிழி மணி) தானே?

தானா ஆகும்வரை நடப்பதுதான் விஷயம். உற்பத்தியில் மிஞ்சும் வெட்டுத்துண்டு எந்த நெகிழி என்று அதை வெட்டியவருக்கே தெரியும். காயலான் கடை வழியாக வரும் பேலில் (அழுத்திக் கட்டிய பொதியில்) பெட் பாட்டில், பாலிப்ரொப்பிலீன் மூடி, பிவிசி லேபிள், பசை, மண், மிச்சமிருந்த எண்ணெய் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மூடியைத் தண்ணீர்த் தொட்டியே பிரித்துக் கொடுத்துவிடும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், பெட் மூழ்கும். பிவிசியிடம் இந்த வேலை பலிக்காது. பெட்டுக்கும் அதற்கும் அடர்த்தி கிட்டத்தட்ட ஒன்று, இரண்டும் மூழ்கும். பெட் உருக 250 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பிவிசி கருகி ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிட, அது பெட்டின் மூலக்கூறுச் சங்கிலியை அறுக்கிறது. சரியாக உலராமல் ஈரம் தங்கியிருந்தாலும் சங்கிலி அறுபடும். பாகுநிலை (உருகிய நெகிழியின் கெட்டித்தன்மை) இறங்கிவிட்டால் மறுபடி பாட்டில் ஊத முடியாது; நூலிழைக்கு அவ்வளவு உயர்ந்த பாகுநிலை தேவையில்லை. பழைய பாட்டில் பெரும்பாலும் பாலியஸ்டர் இழையாகிச் சட்டையாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே வாங்குபவர் எங்கிருந்து வந்தது என்று கேட்பது வெட்டிக் கேள்வி இல்லை.

சட்டமும் கேட்கிறது. உற்பத்தியாளர் பொறுப்பு குறித்து 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் நுகர்வுக்கு முந்தைய கழிவையும் பிந்தைய கழிவையும் தனித்தனியே வரையறுக்கின்றன. கெட்டியான பொதிகலன்களில் மறுசுழற்சி நெகிழியின் பங்குக்கு 2025-26இல் 30 விழுக்காட்டில் தொடங்கி 2028-29இல் 60 என்று இலக்கும் வைத்தன. இனி விலைப்பட்டியலிலும் சான்றிதழிலும் இந்தச் சொற்கள் வந்துகொண்டே இருக்கும்.

இனி இழையில் வந்த சொற்கள். ஐயா ஒருவர் முன்வைத்த 'பயன்கழி நெகிழி' காதுக்கு இனிமை. ஆனால் பயன் கழிந்துவிட்டது என்று பெயரிலேயே எழுதிவிட்டு, அதிலிருந்து சட்டை நெய்கிறோம் என்பது பொருந்துமா? 'புழங்குநெகிழி' இன்னும் நெருங்கி வந்தது. இருந்தாலும் நாட்டார் வழக்காற்றியலில் 'புழங்குபொருள்' என்றால் இன்றும் கையாளும் பொருள். வீட்டில் இருக்கும் குடமும் புழங்குநெகிழிதான்.

என் முன்மொழிவு: புழக்கமீள் நெகிழி. புழக்கம் என்றால் பயன்படுத்துவதும் உண்டு, கைமாறிச் சுற்றுவதும் உண்டு, பணப்புழக்கம் என்கிறோமே. கடைக்குப் போய்த் திரும்பிய சரக்கும் இதில் அடங்கிவிடும். புழக்கத்திலிருந்து மீள்வது என்று ஐந்தாம் வேற்றுமையாக விரிக்கலாம். புழக்கத்துக்கு மீள்வது என்று யாராவது நான்காக விரித்தாலும் குடிமுழுகாது, அதுவும் உண்மைதான். இலங்கையில் மறுசுழற்சியை மீள்சுழற்சி என்பதால் யாழ்ப்பாண நண்பருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது என நினைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. சோம்பலில் இதை 'மீள்நெகிழி' என்று சுருக்கிவிடாதீர்கள். இயற்பியலில் மீள்தன்மை வேறு பொருளில் ஊன்றிவிட்டது. படிப்பவர் ரப்பர் போல இழுபடும் நெகிழி என்று எடுத்துக்கொள்வார்.

கையேட்டில் இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்:

புழக்கக் கழிவு: இறுதிப் பயனரிடமிருந்தோ விற்பனைச் சங்கிலியிலிருந்தோ திரும்பும் கழிவு.
புழக்கமீள் நெகிழி: அதிலிருந்து செய்த தானா அல்லது பொருள்.
புழக்கமீள் பங்கு: ஒரு பொருளில் அதன் எடை விழுக்காடு.
உற்பத்திமீள் நெகிழி: பயனரை அடையுமுன் உற்பத்தியில் ஒதுங்கிய கழிவிலிருந்து செய்தது.

பாட்டில் சட்டையானால் அதைச் 'சுழற்சி' என்பது சரியா என்ற கேள்விக்குத் தனி இழை தொடங்கலாம். இங்கே கலந்தால் இரண்டுமே முடியாது.

கடைசிச் சொல்லில்தான் எனக்கு நிறைவில்லை. 'உற்பத்திமீள்' கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. 'ஆக்கமீள்' என்றால் படைப்பிலக்கிய வாடை அடிக்கிறது. வார்ப்புத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது இதைவிட நல்லது சொன்னால் மாற்றிவிடுகிறேன், அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது.